தாயைத் தண்டித்துச் சேயைக் காக்க முடியுமா?

கருவுற்ற பெண் ஒருத்தி. அவள் வாயில் புகையிலை. அல்லது, உடல் வலிக்கு மருந்தென்று அவள் பழகிப்போன மது. அல்லது, அவள் முந்தானை முடிச்சில், மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கிய நான்கு மாத்திரைகள். இவளை என்ன செய்வது?

"பிடி! அடை! தண்டி! வயிற்றில் வளரும் பச்சைக் குருத்துக்கு நஞ்சூட்டுகிறாளே, இவளும் ஒரு தாயா?" என்று ஒரு குரல் எழுகிறது.

"அழை! கேள்! குணப்படுத்து!" என்று மற்றொரு குரல் மெல்ல ஒலிக்கிறது.

முதற்குரல் உரத்தது, கேட்பவர் குருதியைக் கொதிக்க வைப்பது. இரண்டாவது குரல் தணிந்தது. சிந்திப்பவர் செவியில் மட்டும் விழுவது. இந்த இரண்டில் எதன் பக்கம் சட்டம் நிற்க வேண்டும், எதன் பக்கம் சர்க்கார் நிற்க வேண்டும் என்பதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கப் புதுக்கோட்டைச் சீமைக்குத் தனி உரிமை உண்டு. ஏன்? மருத்துவத்தையும் சட்டத்தையும் ஒரு கையில் பிடித்த முதல் தமிழ் மாதரசி பிறந்த மண் அது!

மருந்தும் சட்டமும் அறிந்த மங்கை

1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண் நுழைவதா என்று முணுமுணுத்தவர் உண்டு. முகம் சுளித்தவர் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். கதவு திறந்தது. 1912இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் பட்டத்தோடு வெளிவந்தார். 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார்; அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே அவர் செய்த வேலை என்ன? கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடப்பட்ட பெண்களின் விலங்கை உடைக்கப் பாடுபட்டார். அந்தப் பெண்களைப் பார்த்து, "நீ கெட்டவள்!" என்று ஊர் தூற்றியது. அம்மையாரோ, "இவளைக் கட்டி வைத்திருப்பது எது?" என்று கேட்டார். அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் பணிக்கு ஈடாகத் தரப்பட்டிருந்த மானிய நிலத்தை, அந்தப் பணியைச் செய்ய வேண்டிய கட்டாயமின்றியே அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ள வழி செய்தது. அதாவது, பெண்ணைத் திருத்த வேண்டுமானால் முதலில் அவள் காலடியில் நிலம் இருக்க வேண்டும் என்று கண்டார் அந்த மருத்துவர். நோயாளியைத் திட்டி நோயைத் தீர்த்தவர் எவருமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பார்வையை மனத்தில் இருத்திக்கொண்டு, இன்றைய வழக்கிற்கு வருவோம்.

நஞ்சுக்கொடி எனும் பாலம்

தாயையும் சேயையும் இணைப்பது நஞ்சுக்கொடி. தாய் உட்கொள்ளும் தீங்கான பொருள் எதையும் அது தடுத்து நிறுத்திவிடும், பிள்ளையைத் தீண்ட விடாது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு மாத்திரை. தாலிடோமைடு அதன் பெயர். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. நல்ல தூக்கம் வரும், மசக்கை வாந்தி நிற்கும், ஆபத்தே இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். தாய்மார் விழுங்கினார்கள். கைகளின்றியும் கால்களின்றியும் குழந்தைகள் பிறந்தன. ஒன்றல்ல, பத்தல்ல; உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேல்! 1961 இறுதியில்தான் அந்த மருந்து ஜெர்மானியக் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, "போதிய சான்று இல்லை, அனுமதி தர முடியாது" என்று கம்பெனியின் நெருக்குதலுக்கு மசியாமல் நின்றார். அந்த ஒருவரின் உறுதியால் அந்நாட்டுப் பிள்ளைகள் பெருமளவு தப்பின. 1962இல் அங்கே மருந்துச் சட்டம் இறுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. கரு தரித்திருக்கிறதா என்று கண்டறிய, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை மிகையளவில் கலந்த மருந்து விற்கப்பட்டது. கருவுக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை எழுந்தது. 1982இல் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தடை போட்டார். கம்பெனிகள் நீதிமன்றம் சென்று தடைக்கே தடை வாங்கின. மாதர் அமைப்புகளும் மருத்துவத் தொண்டர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பொது விசாரணைகள் நடந்தன. 1988 ஜூனில்தான் தடை நிலைத்தது. ஆறு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்துப் படியேறும் காலம்!

இந்த இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரையை விழுங்கியவள் தாய். ஆயினும் அவளைச் சிறையிலிடு என்று எவரும் சொல்லவில்லை. தயாரித்தவன் யார், விற்றவன் யார், அனுமதித்தவன் யார் என்றுதான் உலகம் கேட்டது. அதுதான் நேர்மை. அந்த நேர்மை, ஏழைப் பெண்ணின் வாயிலிருக்கும் புகையிலைக்கும் போதைக்கும் வரும்போது மட்டும் ஏன் மறைந்துபோகிறது?

சார்ல்ஸ்டன் கற்றுத்தந்த பாடம்

தண்டித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனையில் 1989இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பிள்ளைப்பேற்றுக்கு வரும் பெண்களின் சிறுநீரை எடுத்துக் கோக்கேன் இருக்கிறதா என்று சோதிப்பது. இருந்தால் போலீசுக்குச் சொல்வது. சோதனை எதற்கு என்று அந்தப் பெண்களுக்கே தெரியாது. முப்பது பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். ஒருத்தி நீங்கலாக எல்லோரும் கறுப்பினப் பெண்கள். மருத்துவமனையை நம்பி வந்தவள், மருத்துவமனையிலிருந்தே காவல் நிலையத்துக்கு!

வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2001 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: நோயாளியின் இசைவின்றி, போலீசுக்குச் சான்று திரட்டுவதற்காக இப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம். ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.

பாடம் அதோடு முடிந்ததா? இல்லை. 2014இல் டென்னசி மாநிலம், கருவுற்றிருக்கையில் போதைப்பொருள் உட்கொண்டு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் அது தாய் செய்த தாக்குதல் குற்றம் என்று சட்டமே போட்டது. இரண்டாண்டுக் கெடு வைத்துக் கொண்டுவந்த சட்டம் அது. கெடு முடிந்தது, நீட்டிக்க ஆதரவு திரளவில்லை, 2016 ஜூலையில் காலாவதியாயிற்று. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கமோ 2011லேயே சொல்லிவிட்டது: தண்டனைக்கு அஞ்சும் பெண் மருத்துவமனைக்கு வரமாட்டாள், வராதபோது தாய்க்கும் கேடு, சேய்க்கும் கேடு.

உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. கர்ப்பிணி ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு முறை வரும்போதும், மது, புகையிலை, போதைப் பழக்கம் பற்றிக் கேட்க வேண்டும். பழிக்காமல் கேட்க வேண்டும் என்கிறது. அபின் வகைப் போதைக்கு அடிமையானவளைத் திடீரென்று நிறுத்தச் சொல்வதைவிட, மருத்துவர் மேற்பார்வையில் மெதடோன், ப்யூப்ரநார்பின் போன்ற மாற்று மருந்தைத் தொடர்வதே மேல் என்கிறது. 'உடனே விட்டுவிடு' என்று அதட்டுவது அறியாமை. சில வேளைகளில் அதுவே ஆபத்து!

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் கர்ப்பிணி போதைப் பழக்கம் வைத்திருந்தால் அதற்கெனத் தனிக் குற்றம் இல்லை. ஆயினும் அவளைச் சுற்றி வலைகள் உண்டு.

ஒன்று, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதன் 27ஆம் பிரிவின்படி உட்கொள்வதே குற்றம். பொருளுக்கேற்ப ஓராண்டு வரையோ ஆறு மாதம் வரையோ சிறை. ஆனால், அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது: தானே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு வழக்கிலிருந்து விலக்கு. எத்தனை பேருக்கு இது தெரியும்? அரண்மனையில் அடைத்து வைத்த அரிசியால் ஊர்ப் பசி தீருமா?

இரண்டு, கருக்கலைப்பு மாத்திரை. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் பதிவு பெற்ற மருத்துவர் மூலம் கருவைக் கலைக்க இடம் தருகின்றன: 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும்; சில வகைப் பெண்களுக்கு இரு மருத்துவர் கருத்தின் பேரில் 24 வாரம் வரை. மருத்துவமனைக்குப் போகக் கூசியவள், கடையில் கள்ளத்தனமாய் வாங்கி விழுங்கினால்? 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு, தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளி வரிசையிலேயே நிறுத்துகிறது. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய வாசகம். எண் மாறிற்று, எண்ணம் மாறவில்லை!

விளைவு என்ன? கரு, குழாயில் தங்கியிருப்பது தெரியாமல் மாத்திரை போட்டவள், பாதி கலைந்து இரத்தம் பெருகுபவள், இரத்தசோகையால் ஏற்கெனவே வெளுத்துப்போனவள் – இவர்களெல்லாம் ஓடிவர வேண்டிய இடம் மருத்துவமனை. "கேட்டால் என்ன சொல்வது? போலீஸ் வருமோ?" என்ற அச்சத்தில் ஒரு மணி நேரம் தயங்கினால், அந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போகும்.

மூன்றாவது சட்டம் ஒன்று உண்டு. அது வலை அல்ல, வழி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கேட்டை நோய் என்றே கணக்கில் கொள்கிறது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. ஒரு சட்டம் 'குற்றவாளி' என்கிறது. மற்றொரு சட்டம் 'நோயாளி' என்கிறது. எதை நம்புவாள் அந்த ஏழை?

நடவு வயலில் ஒரு கேள்வி

ஆலங்குடிப் பக்கம் நாற்று நடும் ஒரு கூலிப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதம். குனிந்த இடுப்பு நிமிரவில்லை. பசிக்கு வெற்றிலை, வெற்றிலைக்குள் ஒரு துண்டுப் புகையிலை. கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார்.

"ஏம்மா, பொகயில போடுற பழக்கம் உண்டா?"

"அதெல்லாம் இல்லீங்க நர்சம்மா."

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்ன அந்த 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு அச்சம்! திட்டுவார்களோ? மாமியார் காதில் விழுமோ? உதவித் தொகையை நிறுத்திவிடுவார்களோ?

அந்தப் புகையிலை சிறு விஷயமா? மும்பையில் 1,217 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வு, புகையில்லாப் புகையிலை போடும் தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 105 கிராம் குறைவதைக் கண்டது. ஏற்கெனவே எடை குறைந்து பிறக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த 105 கிராம் பெரிய இழப்பு. உடல் வலி என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் வலி மாத்திரை மட்டும் என்ன? டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வகை மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பின் தவிர்க்க வேண்டும், பிள்ளையின் சிறுநீரகத்துக்குக் கேடு, பனிக்குட நீர் வற்றக்கூடும் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அறந்தாங்கிக் கடைத் தெருவுக்கு வந்து சேர்ந்ததா? மாத்திரை அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்தால், கந்தர்வகோட்டை முந்திரிக் காட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு அது விளங்குமா?

புகையிலை கலந்த குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழகத்தில் 2013 முதல் தடை ஆணைகள் வருகின்றன. மதுவைச் சர்க்காரே 2003 முதல் கடை வைத்து விற்கிறது. ஒரு கை கதவைச் சாத்த, மறு கை கல்லாப் பெட்டியைத் திறக்கிறது. இதற்கிடையே, "நீ ஏனம்மா கெட்டுப்போனாய்?" என்று கர்ப்பிணியைக் கேட்க யாருக்கு அருகதை?

"பிள்ளைக்கு உரிமை இல்லையா?"

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து கேட்பார்: "தாயின் உரிமை பேசுகிறீர், வாய் பேசாத சிசுவுக்கு யார் வக்கீல்?"

நல்ல கேள்வி. நேர்மையான கேள்வி. அந்தச் சிசுவுக்காகத்தான் நாமும் வாதாடுகிறோம். சிசுவைக் காப்பாற்றும் வழி தாயின் உடல் வழியாகத்தான் போகிறது. வேறு பாதை இல்லை. அவள் மருத்துவமனைக்கு வந்தால்தான் எடை பார்க்க முடியும், இரும்புச் சத்து கொடுக்க முடியும், பழக்கத்தை விட உதவ முடியும். அவளை விரட்டினால் சிசுவும் சேர்ந்தே விரட்டப்படுகிறது. சிறைக்கு அனுப்பினால் சிசுவும் சிறைக்கே போகிறது. சிசுவுக்காகத் தாயைத் தண்டிப்பேன் என்பவர், கனிக்காக மரத்தின் வேரை வெட்டுகிறவர்.

அழைத்தால் வருவார்களா என்று ஐயப்படுவோர் தமிழகத்தின் கணக்கைப் பார்க்கட்டும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரிலேயே மகப்பேறு உதவித் திட்டம் நடக்கிறது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய் என்று அழைத்தார்கள், பெண்கள் வந்தார்கள். 2018–20ஆம் ஆண்டுகளின் கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழகத்தில் அது 54. விலங்கைக் காட்டி வந்த வெற்றியா இது? கதவைத் திறந்து வந்த வெற்றி!

புதுக்கோட்டைக்கு இது புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பரவியபோது, ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரிப் பெண்களும் வயல்காட்டுப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். "படிக்காவிட்டால் அபராதம்" என்று சொல்லியா கற்பித்தார்கள்? நம்பி அழைத்தார்கள், நாணத்தை உதறிவிட்டு வந்தார்கள்.

நாம் கேட்பது

ஆகவே, நாம் கேட்பது பெரிய ராஜ்யமல்ல.

கர்ப்பிணி, செவிலியரிடம் தன் பழக்கம் பற்றிச் சொல்வது போலீசுக்கும் போகாது, புருஷன் வீட்டுக்கும் போகாது என்று சட்டம் எழுத்தில் உறுதி தரட்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் பெண்ணின் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்று 2021இல் எழுதினார்களே, அந்தத் திரை இங்கேயும் தொங்கட்டும்.

88ஆம் பிரிவிலிருந்து, தன் கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணை விலக்கட்டும். சீட்டின்றி அந்த மாத்திரையை விற்றவன்மீது 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் பாயட்டும். அதற்கு வேண்டிய ஆய்வாளர்கள் நியமிக்கப்படட்டும்.

மருந்து அட்டையில் 'கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது' என்று பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடப்படட்டும்.

புதுக்கோட்டை இராணியார் மருத்துவமனையிலும், 2017இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், போதைப் பழக்கமுள்ள தாய்மாருக்கென்று மகப்பேற்றுப் பிரிவோடு சேர்ந்த சிகிச்சை இடம் ஒதுக்கப்படட்டும். குடித்துவிட்டு வரும் ஆண்கள் நிறைந்த மறுவாழ்வுக் கூடத்தில் நிறைமாதக்காரியைப் போய் உட்கார் என்பது கொடுமை.

பழக்கம் உண்டு என்று சொன்னவளுக்கு உதவித் தொகையில் ஒரு காசும் குறையலாகாது. சத்துணவுப் பெட்டி அவள் கைக்கு முதலில் போய்ச் சேரட்டும். அவளுக்குத்தான் அது அதிகம் தேவை.

செலவு ஆகும் என்பார்கள். ஆகட்டும்! எடை குறைந்து பிறந்த பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்க ஆகும் செலவைவிட, தாயிடம் அன்போடு ஒரு கேள்வி கேட்க ஆகும் செலவு மிகக் குறைவு.

சென்னைச் சட்டசபைக்குச் சென்ற முதல் பெண் மருத்துவரை நாட்டுக்குத் தந்த ஊர் புதுக்கோட்டை. அந்த ஊரில் ஒரு கூலிப் பெண், "ஆமாம் நர்சம்மா, எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, விட முடியவில்லை, உதவி செய்யுங்கள்" என்று அச்சமின்றிச் சொல்லும் நாள் வர வேண்டும். அம்மையாருக்குச் சிலை வைப்பது எளிது. மாலை போடுவது அதனினும் எளிது. அந்த நாளைக் கொண்டுவருவதே அவருக்குச் செய்யும் மரியாதை.